தூண்டிற்காரர் ஏடும் ஏரி மீனும்

வாலாஜாபேட்டையை அடுத்த பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியே தண்ணீர் வந்து, காவேரிப்பாக்கம் ஏரி கோடி போகும் வருஷங்களில், கோடிக்குக் கீழே மீன் ஏறுவதைப் பார்க்கவும் பிடிக்கவும் சுற்றுக் கிராமத்தார் கூடுவது வழக்கம். அன்று கெண்டை எவ்வளவு ஏறிற்று, கெளுத்தி எவ்வளவு, விரால் என்ன நிறை என்பதைப் பற்றி ஊரில் ஒரு வாரம் பேச்சு நடக்கும், பிறகு மறந்துபோகும். அடுத்த முறை கோடி போகுங்கால், முன்னெல்லாம் இதைவிடப் பெரிய மீன் ஏறிற்று என்று பெரியவர் ஒருவர் சொல்வார்; அப்படியொன்றும் இல்லை என்று இளையவர் ஒருவர் மறுப்பார். இருவர் சொல்லில் எது மெய் என்று பார்த்துக்கொள்ள ஊரில் ஓர் ஏடு கிடையாது. ஏரிகளின் மீன் பாசிக் குத்தகை இத்தனை ரூபாய்க்குப் போயிற்று என்பது கணக்கில் ஏறும். அந்த ரூபாய்க்கு என்ன மீன், எத்தனை, எவ்வளவு பெரியது கிடைத்தது என்பதைக் குறிக்கக் கணக்கில் கலமே இல்லை.

இது சிறிய குறை என்று குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் எண்ணக்கூடும். இது சிறிய குறையன்று என்பதற்கு, வயலையும் ஏரியையும் விட்டுச் சற்றுத் தூரம் போய், கடற்கரையில் பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுகிறவர்கள் செய்துவரும் ஒரு காரியத்தைப் பார்க்க வேண்டும்.

இன்ஷூர் செய்த மாட்டின் காதில் எண் பொறித்த வில்லை மாட்டுவதை யாவரும் அறிவர். அதைப் போலவே மீனுக்கும் வில்லை உண்டு. ஆனால் இது தகடு அன்று. நூல்போல் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு. அதில் ஓர் எண்ணும் ஒரு விலாசமும் அச்சிட்டிருக்கும். தூண்டிலில் அகப்பட்ட மீனை ஈரமான துணிமேல் கிடத்தி, நீளம் அளந்து, துளையுள்ள ஊசியால் முதுகுத் துடுப்பின் அடியில் இவ்வில்லையைச் செருகி, உடனே தண்ணீரில் விட்டுவிடுவார்கள். மீனின் பெயர், நீளம், பிடித்த இடம், தேதி ஆகியவற்றை எழுதி ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பிவிடுவார்கள். பின்னர் அதே மீன் வேறோர் இடத்தில் வேறொருவர் கையில் சிக்குமாயின், அவர் எண்ணையும் இடத்தையும் நீளத்தையும் தெரிவிப்பார். இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்த மீன் இத்தனை நாளில் இத்தனை தூரம் போயிற்று, இவ்வளவு வளர்ந்தது என்பது தெரிந்துவிடும். இதற்குக் கப்பலும் வேண்டாம், சம்பளமும் வேண்டாம். மீனைத் தின்னாமல் விட்டுவிட மனம் மட்டும் வேண்டும்.

அமெரிக்காவில் வுட்ஸ் ஹோல் என்னும் கடலாராய்ச்சி நிலையத்தார் 1954-இல் சூரை முதலிய பெருமீன்களுக்குத் தூண்டிற்காரர்களைக் கொண்டே வில்லை போடத் தொடங்கினார்கள். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துக் கடலாராய்ச்சி நிலையம் 1984-இல் இவ்வகைத் திட்டம் ஒன்றை ஏற்படுத்திற்று. டர்பன் என்றால் வட ஆர்க்காட்டுக் குடும்பங்களுக்கு அந்நியமான பெயர் அன்று. 1860 முதல் 1911 வரையில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்களில் இந்த ஜில்லாவைச் சேர்ந்தவர்கள் மிகப் பலர். அவர்களுடைய சந்ததியார் இன்றும் அந்தக் கடற்கரையில் தூண்டில் போடுகிறார்கள். மேற்படி திட்டத்தில் இதுவரை மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட மீன்கள் வில்லையோடு கடலில் விடப்பட்டிருக்கின்றன. அவற்றில் நூற்றுக்கு ஐந்தாறுதான் திரும்பக் கிடைக்கின்றன. கைக்கு வராத தொண்ணூற்று நாலுக்காக யாரும் வருந்துவதில்லை. வந்த ஆறு போதுமான பாடம் சொல்லுகின்றன. உதாரணமாக, அந்நாட்டின் தேசிய மீனாகிய கால்யூன் என்பது பெரும்பாலும் விட்ட இடத்தை அடுத்தே மறுபடியும் அகப்பட்டது; மிகச் சில மட்டும் நெடுந்தூரம் அலைந்தன. ஓரிடத்தில் நிலைத்து வாழும் மீனானால், அந்த ஓரிடத்தில் மீன்பிடித்தலைத் தடுத்துவிட்டால் அது பிழைத்துப் பெருகும் என்பது விளங்கிற்று. இது முன்பு ஊகமாக இருந்தது.

இந்தியக் கடலிலும் வில்லை போட்டதுண்டு. 1947-இல் ஏற்பட்ட மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் 1960-களில் மேற்குக் கரையில் கானாங்கெளுத்திக்கும் சாளைக்கும் வில்லை போட்டுப் பார்த்தார்கள். ஆயினும் அது சம்பள உத்தியோகஸ்தர்கள் செய்த வேலை. வேறு தொழில் உள்ளவர்கள் விருப்பத்தினால் தூண்டில் போட்டு, விருப்பத்தினால் எழுதியும் வைத்து, அந்த எழுத்தினால் ஒரு மீனின் தலைவிதியே வெளிப்பட்டது என்பதற்கு அருகில் உள்ள உதாரணம் கடலில் இல்லை, காவேரியில் இருக்கிறது.

காவேரி மலைகளுக்கிடையே பாய்ந்து வரும் பகுதியில் மகசீர் என்னும் பெருங்கெண்டை உண்டு. அதில் முதுகு திமில்போல் உயர்ந்து, செதிளும் துடுப்பும் பொன்னிறங் கலந்து தோன்றும் சாதியே உலகத்திலுள்ள மகசீர்களில் மிகப் பெரியது. 1946-இல் கபினி ஆற்றில் மைசூர் வான் இங்கன் குடும்பத்தவர் ஒருவர் பிடித்த மீன் 120 ராத்தல், அதாவது 54 கிலோ இருந்தது. ஒரு நெல் மூட்டையை நினைத்துக்கொள்ளலாம். கர்நாடக எல்லையில் காலிபோர் என்னுமிடத்தில் இருந்த தூண்டில் முகாமுக்கு வெளிநாட்டாரும் உள்நாட்டாரும் வந்து, பிடித்த மீனை நிறுத்துவிட்டு ஆற்றில் விடுவார்கள். தேதி, மீனின் வகை, நிறை, எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார்கள் என்பன ஒரு பதிவுப் புஸ்தகத்தில் ஏறிக்கொண்டிருந்தன. மீனுக்கு இங்கே வில்லை கிடையாது. வில்லையின் வேலையைப் புஸ்தகமே செய்தது. எழுதியவர்கள் பெரும்பாலும் தாங்கள் பிடித்த மீனின் பெருமைக்காகவே எழுதினார்கள் என்றால் தவறாகாது.

பின்னாளில் விஞ்ஞானிகள் சிலர் அப்புஸ்தகத்தை எடுத்துக் கணக்கிட்டார்கள். 1998 முதல் 2012 வரை 23,620 மணி நேரம் தூண்டில் போடப்பட்டு 6,161 மகசீர்கள் பிடிபட்டிருந்தன. அவற்றுள் பெரியது 46.8 கிலோ. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் ஆறு செழிப்பாக இருப்பதுபோலவே தோன்றிற்று. ஏனெனில் வருஷம் ஏற ஏறப் பிடிபட்ட மீன்களின் எண்ணிக்கையும் ஏறிற்று. ஆனால் மீனின் சராசரி நிறை இறங்கிக்கொண்டே வந்தது. வகை வகையாகப் பிரித்துப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. ஏறியதெல்லாம் நீலத் துடுப்புள்ள வேறொரு மகசீர். பொன்னிறத் திமில் மகசீரோ வருஷத்துக்கு வருஷம் அருகிக்கொண்டே போயிற்று. அகப்பட்ட சிலவும் வரவரப் பெரியனவாகவே இருந்தன. பெரிய மீன் கிடைக்கிறது என்று சந்தோஷப்படுவதற்கு இடமில்லை: குஞ்சு இல்லை என்பதே அதன் பொருள். ஒரு கிராமத்தில் வருஷா வருஷம் கிழவர்கள் மட்டும் கண்ணில் பட்டு, தொட்டிலே காணாமற் போனால் அந்தக் கிராமத்தின் கதி என்ன?

நீலத் துடுப்பு மகசீர் காவேரிக்கு எப்படி வந்தது என்பதுதான் இங்கே முக்கியமாகக் கவனிக்கத்தக்கது. அது தானாக வரவில்லை. மகசீர் குறைகிறது என்று கவலைகொண்டு, 1970-களின் பிற்பகுதி முதல், மேற்குத் தொடர்ச்சி மலையில் லோணாவாலாக் குஞ்சு பொரிப்பகத்திலிருந்து மீன் குஞ்சுகளைத் தருவித்து ஆற்றில் விட்டவர்கள் தூண்டிற்காரர் சங்கத்தாரும் மீன் இலாகாவினருமே. 1972-இல் பெங்களூரில் ஏற்பட்ட அச்சங்கத்தார் மீன் திருட்டையும் வெடி வைத்தலையும் தடுக்க ஆற்றங்கரையில் காவலும் போட்டார்கள். அவர்களுடைய நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆயினும் ஆற்றுக்கு உரிய மீனைக் காப்பதற்கென்று விட்ட மீனே அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இதை வெளிப்படுத்தியது எதிரிகளின் குற்றச்சாட்டு அன்று. தூண்டிற்காரர்கள் தங்கள் கையால் எழுதிய புஸ்தகமே.

எழுதியவனுக்கே விரோதமாகச் சாட்சி சொன்னது அந்த ஏடு. ஆகையால்தான் அதை எவராலும் தள்ளிவிட முடியவில்லை. 2018-இல் அந்தத் திமில் மகசீரின் சரியான விஞ்ஞானப் பெயரும் நிச்சயமாயிற்று. கேரளத்துப் பாம்பாற்றிலிருந்து 2007-இல் விவரிக்கப்பட்ட மீனும் அதுவும் ஒன்றே என்று கண்டார்கள். அதே வருஷத்தில், அடியோடு அழியும் நிலையிலுள்ள பிராணிகளின் சர்வதேசப் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. சத்தியமங்கலம், நீலகிரி காடுகளுக்கிடையே ஓடும் மோயாறு அதற்கு எஞ்சியுள்ள சில புகலிடங்களில் ஒன்று. 2012-இல் வனச் சட்டத்தை முன்னிட்டுக் காவேரி முகாம்களில் தூண்டில் நிறுத்தப்பட்டது. சட்டத்துக்கு அதன் நியாயம் உண்டு. ஆனால் தூண்டிலோடு ஏடும் நின்றுபோயிற்று என்பதையும் சொல்லாதிருக்க முடியாது.

நிற்க. வாலாஜாபேட்டைக் குடியானவருக்கு மகசீரால் ஆவதென்ன என்று கேட்கலாம்.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களின் தோல் பதனிடும் சாலைகள் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. குடியானவர் வீட்டிலேயே ஒரு பிள்ளை உழவுக்கும் ஒரு பிள்ளை தோல் சாலைக்கும் போவது சாதாரணம். எனினும் ஆவாரம்பட்டைப் பதனீடு குறைந்து குரோம் பதனீடு பெருகிய 1970-களுக்குப் பின், சாலைகளின் கழிவுநீர் பாலாற்று மணலிலும் கிணறுகளிலும் இறங்கிச் செய்த சேதத்தை இந்த ஜில்லாவில் அறியாதார் இல்லை. 1991-இல் வேலூர்ப் பிரஜைகள் நலச் சங்கத்தார் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. அசுத்தம் செய்தவனே அதற்குரிய நஷ்டத்தைக் கொடுக்க வேண்டும் என்ற விதி இந்திய சட்டத்தில் உறுதிப்பட்டது இத்தீர்ப்பினால்தான். தோல் சாலைப் பிரதேசத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமோ ஓரளவோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்று விவசாயப் பல்கலைக் கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் கண்டதைக் கோர்ட்டார் எடுத்துக்காட்டினார்கள். அதே தீர்ப்பில் மற்றொரு கணக்கும் இருக்கிறது: திண்டுக்கல் பக்கத்தில் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன என்பது. இது தனியார் தொண்டர் கூட்டம் ஒன்று கிராமம் கிராமமாய்ச் சென்று எடுத்த கணக்கு. உத்தியோகம் இல்லாதவர்கள் எண்ணி எழுதியது நாட்டின் தலைமைக் கோர்ட்டில் ஏறிற்று.

நஷ்டஈடு தீர்மானிக்க ஏற்பட்ட அதிகாரசபை 2001-இல் 29,193 பேரைப் பாதிக்கப்பட்டவர்களாகக் கண்டது. விவகாரம் அத்துடன் முடியவில்லை. 2025 ஜனவரி 30-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் மறுபடியும் தலையிட்டு, கொடுபடாத நஷ்டஈட்டைக் கொடுக்கவும், நதியைச் சீர்ப்படுத்துவதை மேற்பார்க்க ஒரு கமிட்டியை அமைக்கவும் உத்தரவிட வேண்டியிருந்தது. இத்தனை வருஷமும் நிலத்தைப் பற்றியும் கிணற்றைப் பற்றியும் பேச்சு நடந்தது. நிலத்துக்கு அடங்கல் இருக்கிறது. எந்தப் பசலியில் என்ன பயிர் என்று சொல்ல அதை எடுத்து வைக்கலாம். ஏரியிலும் ஆற்று மடுவிலும் இருந்து போன மீனுக்கு எதை எடுத்து வைப்பது? ஆராலும் அயிரையும் குறவையும் எந்த ஏரியில் எந்த வருஷம்வரை இருந்தன என்பதற்குக் கிழவர்களின் ஞாபகமே சாட்சி. கிழவர்களின் ஞாபகம் குறுக்கு விசாரணைக்கு நிற்பதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏட்டு மீனும் குழம்புக்கு உதவாதுதான், விசாரணைக்கு உதவும்.

இதில் வேறொரு பிரயோஜனமும் உண்டு. தண்ணீர் கெட்டால் பயிர் பழுக்க நாள் ஆகும். மீன் அன்றே மிதக்கும். மிதந்த மீனைப் பார்த்தவுடன் தோல் சாலையின்மேல் பழி போடுவதும், சாலைக்காரர் இல்லையென்று சாதிப்பதும் இரண்டுமே அவசரம். மந்தாரமாயிருந்த பகலுக்கு அடுத்த விடியற்காலையில், பாசி மண்டிய ஏரியில், நீரிலுள்ள பிராணவாயு குறைந்துபோய் மீன் மேலே வந்து வாய் பிளப்பதுண்டு. அப்போது பெரிய மீன்களே முதலில் மடியும். நஞ்சு கலந்தால் நேரங்காலம் இல்லை. பெரிது சிறிது என்ற பேதமும் பெரும்பாலும் இல்லை. ஆகவே எத்தனை மணிக்கு மிதந்தது, எந்த அளவு மீன் மிதந்தது, மதகில் தண்ணீர் எத்தனை அடி, நிறமும் வாடையும் எப்படி, முந்தின நாள் வானம் எப்படி என்று நாலு வரி எழுதியிருந்தால், பின்னால் வரும் பரிசோதகருக்குப் பாதி வேலை தீர்ந்துவிடும். பெரும்பாலும் அவர் வருவதற்குள் மீனைப் புதைத்துவிட்டிருப்பார்கள், தண்ணீரும் மாறிப்போயிருக்கும்.

ஏரி மீனுக்கு வில்லை போட வேண்டும் என்பது இங்கே கருத்தன்று. கடல் மீனும் ஆற்று மீனும் இடம்பெயர்வதை அறியவே வில்லை வேண்டியிருக்கிறது; ஏரி மீன் கோடி போகும் நாள் தவிரப் பெரும்பாலும் எங்கும் போவதில்லை. பழக்கமில்லாதவர் ஊசி போட்டால் மீன் சாகும். உலர்ந்த கையால் பிடித்தாலே அதன் உடம்பின் வழுவழுப்பு உரிந்து நோய் பற்றிவிடும். வில்லைப் பரிசோதனை செய்யவேண்டுமானால் அதை மீன்வளத் துறையாரே ஆட்களைப் பழக்கிச் செய்வது தகும். கிராமத்தாரிடம் எதிர்பார்க்கத்தக்கது ஏடு ஒன்றே.

அந்த ஏடு யார் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பதில் அபிப்பிராய பேதம் இருக்கலாம். கணக்கப்பிள்ளை, மணியக்காரர் பதவிகள் 1980-இல் எடுபட்டு, இப்பொழுது கிராம நிர்வாக அலுவலர் தலையில் சுமை ஏற்கெனவே அதிகம். அவரே ஏரிக்கரையில் உட்கார்ந்து மீன் அளக்கவேண்டும் என்பது நியாயமாகாது. தூண்டிலும் கையுமாய் மதகண்டை உட்காரும் பிள்ளைகள் எந்த ஊரிலும் இருக்கிறார்கள். வேலையற்றவர்கள் என்று பெரியவர்கள் அவர்களைக் கடிந்துகொள்வதும் வழக்கம். காவேரி ஏட்டை எழுதியவர்களும் ஒரு கணக்கில் வேலையற்ற நேரத்தில் எழுதியவர்களே. பிள்ளைகள் எழுதட்டும், ஊராட்சித் தலைவர் மாதம் ஒரு தரம் பார்க்கட்டும், கிராம நிர்வாக அலுவலர் ஏரியைத் தணிக்கை செய்ய வரும் நாளில் தேதியிட்டுக் கையெழுத்துப் போடட்டும். எழுதியது பிள்ளையானாலும் தேதியும் கையெழுத்தும் அதை ஆவணம் ஆக்கிவிடும்.

மீன் பாசிக் குத்தகைதாரர்கள் இதை விரும்பமாட்டார்கள் என்று ஓர் ஆக்ஷேபம் வரலாம். கிடைத்த மீனின் கணக்குத் தெரிந்தால் அடுத்த ஏலத்தில் தொகை ஏறிவிடும் என்ற பயம் அவர்களுக்கு இருக்கும். பயம் காரணமற்றதன்று. ஆனால் மீன் செத்து மிதந்த வருஷத்தில் தொகையைக் குறைக்கும்படி கேட்பதற்கு அவர்கள் கையில் இன்று என்ன ருஜு இருக்கிறது? ஏடு ஏறும்போதும் பேசும், இறங்கும்போதும் பேசும்.

அதைவிடக் கடினமான சங்கடம் வேறு. வளர்ப்பதற்குத் தடை செய்யப்பட்டுள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தியைக் குழி வெட்டி மறைவாக வளர்ப்பவர்கள் உண்டு. மழை வெள்ளத்தில் குழி உடைந்தால் அது ஏரிக்குள் போய்ச் சிறு மீனையெல்லாம் தின்றுவிடும். கரையோர வயலில் பூச்சி மருந்து அடித்த டின்னை மதகுத் தண்ணீரில் கழுவுகிறவர்களும் உண்டு. மீன் மிதந்த நாளில் தோல் சாலையை எழுதிவைக்கும் பேனா, மேலண்டைப் பங்காளியின் குழியையும், தன் வீட்டு மருந்து டின்னையும் எழுதிவைக்குமா? எழுதாத ஏடு கோர்ட்டுக்குப் போனால் எதிர்க்கட்சி வக்கீல் முதலில் கேட்கப்போவது அதைத்தான். காவேரித் தூண்டிற்காரர்கள் தாங்களே விட்ட நீலத் துடுப்பு மீனையும் ஒளிக்காமல் எழுதியிருந்தபடியால், திமில் மகசீரைப் பற்றிய அவர்கள் எழுத்தை உலகம் நம்பிற்று.

சென்னை ராஜதானியில் ஜில்லா அதிகாரியாயிருந்து, தூண்டிலிலும் பெரும் பற்றுடையவராய் இருந்த ஹென்ரி சலிவன் தாமஸ் என்பவர் 1873-இல் இந்தியத் தூண்டில் மீன்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதிகாரிக்குத் தூண்டில் இழுக்கு என்று அவர் எண்ணவில்லை. ஆற்றில் கண்டதையே எழுதினார். வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதைத் தண்டிக்கும் இந்திய மீன்பிடிச் சட்டம் வர 1897 ஆயிற்று. சட்டங்கள் மெதுவாகவே வரும். அவை வரும்போது கையில் எடுத்துக்கொடுக்க ஏதேனும் இருக்க வேண்டும்.

தொடங்குவதற்கு நல்ல காலம் ஐப்பசி, கார்த்திகை. அணைக்கட்டுக் கால்வாயில் நீர் திறந்து, காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி முதலிய ஏரிகளுக்கு வரத்து ஏற்படும் நாளில் முதல் வரியை எழுதலாம். நூறு பக்க நோட்டு ஒன்று, தையற்காரரின் அளவு நாடா ஒன்று, மளிகைக்கடைத் தொங்கு தராசு ஒன்று இவையே சாமான்கள். மீனின் பெயரை ஊரில் வழங்குகிறபடியே எழுதினால் போதும். விஞ்ஞானப் பெயரை மீன்வளத் துறையார் சேர்த்துக்கொள்வார்கள். நிறை தெரியாவிட்டால் நீளம். நீளமும் தெரியாவிட்டால் எண்ணிக்கை. ஒன்றும் அகப்படாத நாளையும், தூண்டில் போட்ட மணிக்கணக்கோடு, தவறாமல் எழுத வேண்டும். காவேரி ஏட்டில் விஞ்ஞானிகள் முதலில் தேடிய கலம் அந்த மணிக்கணக்குதான். கோடையில் ஏரி வற்றி, கடைசி மடுவில் மீன் அள்ளும் நாளன்று மட்டும் இரண்டு பேர் சேர்ந்து எழுதுவது நல்லது. அன்று கூச்சலில் எண்ணிக்கை தவறிவிடும்.